பார்க்காதவன்

அவன் சுவரைப் பார்த்து நின்றான்.

இடப்பக்கம் திரும்பினால் கண்ணாடிக் கதவு. அதற்குள்ளே, எடை குறைந்த குழந்தைகளின் வரிசையில், பிறந்து மூன்று நாளான அவன் மகள்.

வலப்பக்கம் திரும்பினால் செக்யூரிட்டி அண்ணாச்சியின் செல்போன். அதில் புது கிரிக்கெட் சீசனின் முதல் மேட்ச்.

இரண்டையும் பார்க்கக் கூடாது. சுவரில் ஒட்டியிருந்த 'கை கழுவும் முறை'யை முதல் படியிலிருந்து ஏழாம் படி வரைக்கும் பத்துத் தடவை படித்துவிட்டான்.

ஆறு மாதமாக இந்த ஞாயிற்றுக்கிழமைக்குத்தான் நாளை எண்ணிக்கொண்டிருந்தான். ஏலத்தில் அவன் டீம் புதிதாக எடுத்த இடதுகைக்காரனின் புராணத்தைப் பாடிப் பாடி மனிதர்களின் காதைத் தின்றான். இந்த வருசம் கப்பு நமக்குத்தாம்லே என்று தெருவில் போகிறவனையெல்லாம் நிறுத்திச் சொன்னான். புது ஜெர்சி வாங்கி, இதோ, இப்போதும் சட்டைக்குள்ளே போட்டிருக்கிறான்.

ஆனால் மேட்சை மட்டும் பார்க்க மாட்டான்.

அவன் பார்த்தால் விக்கெட் விழும். சிநேகிதர்கள் வைத்த பெயரே 'அவுட்டு'. மேட்ச் ஆரம்பித்ததும் அவனை டீ வாங்க விரட்டிவிடுவார்கள். போன வருசம் ஃபைனலில் ஜன்னல் வழியாக ஒரே ஒரு பந்தை எட்டிப் பார்த்தான். அத்தோடு முடிந்தது. கூட்டாளி இசக்கிராஜ் ஒரு மாதம் அவனோடு பேசவில்லை.

எல்லோரும் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். அவனும்தான் சிரித்தான்.

ஸ்கேன் அறை வரைக்கும்.

முதல் தடவை, மனைவி முத்துக்கனியின் கையைப் பிடித்துக்கொண்டு திரையை ஆசை ஆசையாகப் பார்த்தான். டாக்டரம்மாவின் கை அப்படியே நின்றுவிட்டது. துடிப்பு இல்லை.

இரண்டாம் தடவை கதவிடுக்கு வழியாகத்தான் பார்த்தான். அதுவும் தங்கவில்லை.

மூன்றாம் தடவை ஸ்கேன் பக்கமே அவன் தலைவைத்துப் படுக்கவில்லை. வேலை, வேலை என்று சாக்குச் சொன்னான். ஏழே மாதத்தில் பிறந்தாலும் உயிரோடு பிறந்தாள்.

அப்புறம் எப்படிப் பார்ப்பான்? சளி பிடித்திருக்கிறது, உள்ளே வரவில்லை என்று மூன்று நாளும் நர்சம்மாவிடம் புளுகினான்.

காய்ச்சலில் கிடந்த முத்துக்கனி மத்தியானம் கேட்டாள். பிள்ளை யாரு மாதிரி இருக்கா?

ஒன்ன மாதிரிதான் என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டான்.

கண்ணாடிக் கதவு திறந்தது. நர்சம்மா தலையை நீட்டினாள்.

"சளி சரியாயிட்டுல்லா? அம்மாவுக்குக் காய்ச்சல். நீங்கதான் பிள்ளைய நெஞ்சோட நெஞ்சா வச்சுக்கிடணும். அந்தச் சூடு அவளுக்கு வேணும். கை கழுவிட்டு வாங்க."

தலையை ஆட்டினான். கால் நகரவில்லை.

பின்னால் ஒரே கூச்சல்.

கடைசிப் பந்தாம். நாலு ரன் வேண்டுமாம். அந்த இடதுகைக்காரன்தான் ஆடுகிறானாம்.

அப்போதுதான் அந்த எண்ணம் வந்தது.

கண்ணில் இருக்கிற கெடுதலை இங்கேயே இறக்கி வைத்துவிட்டால்?

இந்த மேட்ச் போகட்டும். சீசனே போகட்டும். கப்பும் போய்த் தொலையட்டும்.

திரும்பினான். ஆட்களை விலக்கிக்கொண்டு போய் அண்ணாச்சியின் போனுக்கு நேரே முகத்தை வைத்தான். இமைக்காமல் பார்த்தான். தோற்றுப்போகணும் சாமி, தோற்றுப்போகணும் என்று பிறந்ததிலிருந்து முதல் தடவையாகத் தன் டீமுக்கு எதிராக வேண்டிக்கொண்டான்.

பந்து எல்லைக்கோட்டுக்கு அந்தப்பக்கம் போய் விழுந்தது.

சிக்ஸ்.

அண்ணாச்சி அவனைக் கட்டிப்பிடித்துத் தூக்கினார். யாரோ விசிலடித்தார்கள். நர்சம்மா உள்ளேயிருந்து கண்ணாடியைத் தட்டி அதட்டினாள்.

கெடுதல் இறங்கவில்லை. அவ்வளவும் இன்னும் கண்ணிலேயே இருக்கிறது.

சட்டைப்பைக்குள் போன் அதிர்ந்தது. இசக்கிராஜ்.

"ஏலே, ஜெயிச்சாச்சுலே! நீ பாக்கலல்லா?"

"பாத்தேம்லே."

"சும்மா கெட" என்று சிரித்துக்கொண்டே இசக்கிராஜ் போனை வைத்துவிட்டான்.

அவன் கை கழுவினான். ஏழு படியும், ஒன்று விடாமல். சட்டையைக் கழற்றினான். ஜெர்சியையும் கழற்றிச் சுருட்டி வாசலிலேயே வைத்தான்.

உள்ளே போய், காட்டிய நாற்காலியில் சாய்ந்தான். எதிர்ச்சுவரில் ஒரு கடிகாரம் இருந்தது. அதில் கண்ணைப் பதித்துக்கொண்டான்.

நெஞ்சில் ஏதோ வந்து ஒட்டியது.

இரண்டு கைப்பிடிக்கு மேல் இருக்காது. இளஞ்சூடு. நர்சம்மா இருவரையும் சேர்த்துப் போர்வையால் மூடினாள்.

அசையப் பயமாக இருந்தது. மூச்சுவிடக்கூடப் பயமாக இருந்தது. கடிகாரத்தையே பார்த்தான்.

இதுவரை மஞ்சள் காமாலைக்காக நீல விளக்கின் அடியில் படுத்திருந்த பிள்ளை. வெளிச்சம் படாமல் அவள் கண்ணைக் கட்டியிருந்த துணியை நர்சம்மா மெதுவாக எடுத்தாள்.

குனிந்து பார்த்தவள் சிரித்துவிட்டாள்.

"இங்கன பாருங்க. ஒங்க மக கண்ண முழிச்சு ஒங்களையே பாக்கா. நீங்க எங்கன பாத்துட்டு இருக்கீங்க?"

விநாடி முள் ஒரு சுற்றுச் சுற்றி வந்தது.

கண்ணைக் கீழே இறக்கினான்.

முத்துக்கனியிடம் சொன்னது பொய். காது அப்படியே அவன் காது.