பட்டை உரிக்காத தொட்டில்

"தொட்டில் உள்ளே வரக்கூடாது, அத்தை."

வேனிலிருந்து இறங்கிய மாமியாருக்குத் தன் காதையே நம்ப முடியவில்லை. காட்டு வாசல் சோதனைச் சாவடியில் காக்கி உடுப்போடு மறித்து நின்றது சொந்த மாப்பிள்ளை!

"விளையாடறீங்களா மாப்பிள்ளை? பேத்திக்குன்னு உங்க மாமா கை நோகச் செதுக்கினது!"

"வேலைப்பாடு பிரமாதம். ஆனா காலெல்லாம் மரப்பட்டையோட இருக்கே."

"பட்டையோட இருந்தாத்தான் அழகுன்னு அவர்தான் விட்டு வெச்சார்."

"வண்டுக்கும் அதுதான் பிடிக்கும், அத்தை. உள்ளே முட்டை வெச்சிருந்தா கண்ணுக்கே தெரியாது. உங்க ஊர் மரங்களைத் துளைச்சுத் தள்ளின வண்டு இன்னும் இந்தக் காட்டுக்குள்ள வரலை. வந்துட்டா மொத்தக் காடும் போச்சு."

"அப்போ நான் வண்டைச் சுமந்துட்டு வந்திருக்கேனா?"

அம்மாள் போட்ட சத்தத்தில் தடுப்புக் கம்பம் பயந்துபோய்த் தானாகவே எழுந்திருக்கும். பூட்டுப் போட்டிருந்ததால் மானம் தப்பியது. மரத்திலிருந்த பறவைகள் மூட்டை முடிச்சோடு அடுத்த மலைக்குக் குடிபோயின.

மாப்பிள்ளை அசையவில்லை. "இங்கேயே இருங்க, வந்துடறேன்" என்று ஜீப்பில் ஏறிக் காட்டுக்குள் போய்விட்டார்.

எதிரே டீக்கடை. கடைக்காரர் ஒரு டீயை நீட்டினார்.

"மனசைத் தேத்திக்கங்கம்மா. போன வாரம் உங்க மாப்பிள்ளை தன்னோட மேலதிகாரி கைத்தடியையே பிடுங்கி வெச்சுக்கிட்டார். பட்டை இருந்துச்சாம். பாவம், மனுஷன் நொண்டிக்கிட்டே உள்ளே போனார்."

"இரக்கமே இல்லாத ஜென்மம்! குழந்தை பிறந்ததும் கைப்பிள்ளையா இந்தக் காட்டுக்குள்ள தூக்கிட்டு வந்ததுதான். அப்புறம் ஒரு நாள் லீவு எடுத்து என் பொண்ணை எங்க வீட்டுக்குக் கூட்டிட்டு வந்திருப்பாரா? காடு காடுன்னா, காட்டையே கட்டியிருக்க வேண்டியதுதானே!"

டீ ஆறும்வரை திட்டினாள். தொட்டிலைப் பார்த்தாள். கண் கலங்கியது. இதில் பேத்தி தூங்குவதைப் பார்த்துவிட்டு வந்து சொல் என்றுதான் கிழவர் அனுப்பியிருந்தார். வெறும் கையோடு எப்படித் திரும்புவது?

"வண்டியைத் திருப்புப்பா!" என்று டிரைவரிடம் சீறினாள்.

அதற்குள் ஜீப் வந்து நின்றது. மாப்பிள்ளை இறங்கினார். காக்கி இல்லை, சாதாரணச் சட்டை. தோளில் பெரிய துணிப்பை. பின்னாலேயே சிரித்துக்கொண்டு மகள், இடுப்பில் பேத்தி.

"வேன்ல இடம் இருக்கா அத்தை? லீவு சொல்லிட்டேன், உங்க வீட்டுக்கே வர்றோம்" என்று பேத்தியை வாங்கி மாமியார் கையில் கொடுத்தார் மாப்பிள்ளை.

"தொட்டில்தான் உள்ளே போகக்கூடாது, அத்தை. இவ வெளியே வர என்ன தடை?"