மூட மறுத்த விண்டோ

“பேரெல்லாம் காட்டி முடிஞ்சுது, அண்ணை. ஆனா விண்டோ மூடுதில்லை,” என்றாள் ஸ்ரெல்லா.

கனிசியஸ் குனிந்து திரையைப் பார்த்தான். பெயர்கள் அப்படியே நின்றன. தொண்ணூற்று நாலாம் ஆண்டு. யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. அந்த நிவாரண அலுவலகத்தின் ஒரே கம்ப்யூட்டர் ஜெனரேற்றரில் நாளுக்கு இரண்டு மணித்தியாலந்தான் ஓடும். இந்தியாவுக்குப் படகேறிச் சேதியில்லாமல் போனவர்களின் உறவினர் வாசல்வரை காத்திருந்தார்கள்.

கொழும்பிலிருந்து பிளொப்பியில் வந்த பட்டியல் அது. ஊரின் பெயரை அடித்தால் அந்த ஊர்க்காரரின் பெயர்கள் வரும். ஒரு நிமிடம் நின்று, விண்டோ தானாக மூடிக்கொள்ளும்.

முன்னால் நின்றவள் லூர்த்தம்மா. மகன் யாகப்புவைத் தேடி வந்திருந்தாள். குருநகர்ப் பெயர்களை ஸ்ரெல்லா இரண்டு தரம் வாசித்தாள். யாகப்பு இல்லை. லூர்த்தம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள்.

மூடக்கூடிய விசைகளையெல்லாம் கனிசியஸ் தட்டிப் பார்த்தான். பிளொப்பியை மாற்றினான், கம்ப்யூட்டரை நிறுத்தி மறுபடி போட்டான். பயனில்லை.

“மற்ற ஊருகளுக்குத் தானா மூடுது. குருநகருக்கு மட்டுந்தான் உப்பிடி நிக்குது,” என்றாள் ஸ்ரெல்லா.

“உதை ஆராயேக்கை மண்ணெண்ணெய் முடிஞ்சிடும். மூண்டு விசையைச் சேர்த்து அமத்தி மூடினாக் காணும்,” என்றான் கனிசியஸ்.

மூன்று கிழமை அப்படியே மூடினார்கள்.

ஒருநாள் ஸ்ரெல்லா குருநகரை மூட மறந்து, அடுத்தவருக்காக நீர்வேலியை அடிக்கத் தொடங்கினாள். ஆங்கில எழுத்து ‘என்’னில் விரல் பட்டதும் திரை மாறியது. புதிதாகப் பதினொரு பெயர்கள். கனிசியஸ் விண்டோவை மேலே இழுத்துப் பார்த்தான். திரைக்குக் கீழே மறைந்திருந்த கடைசி வரி, அடுத்த பக்கத்துக்கு ‘என்’னை அழுத்தச் சொன்னது.

ஏழாவது பெயர் யாகப்பு.

“அந்த அம்மாவை இல்லையெண்டு அனுப்பிப்போட்டமே, அண்ணை,” என்றாள் ஸ்ரெல்லா.

அன்றைக்கு அவள் சொன்னதை ஐந்து நிமிடம் யோசித்திருந்தால் போதும். கனிசியஸ் பெயரைத் தாளில் எழுதி மடித்துக்கொண்டு குருநகருக்குச் சைக்கிளை மிதித்தான். வழியெல்லாம் எப்படித் தொடங்குவது என்றே யோசித்தான்.

லூர்த்தம்மா அவனைக் கண்டதும் ஓடிவந்து கையைப் பிடித்தாள். உள்ளே கூட்டிப்போய்த் தேத்தண்ணி கொடுத்தாள். யாகப்பு வந்தால் உடுக்க இரண்டு சாரம் வாங்கி வைத்திருப்பதாகவும் போன ஞாயிறு கோயிலில் நன்றிப் பூசை கொடுத்ததாகவும் சொன்னாள்.

“நீங்கள் இல்லையெண்டு சொன்ன நாளிலை இருந்துதான் தம்பி, நான் கண்மூடி நித்திரை கொள்ளுறன்.”

கனிசியசின் சட்டைப் பைக்குள் இருந்த தாளில், அக்கரையில் ஒதுங்கி, அடையாள அட்டையால் இனங்காணப்பட்ட உடல்களின் பட்டியலில் ஏழாவது பெயர் இருந்தது.