பசைக்குள் இருந்த துகள்

ஒரு கடைவாய்ப் பல்லில் இருந்த சொத்தையைப் பல் டாக்டர் சுரண்டி அடைத்திருந்தார். அந்த அடைப்பு நிற்கவில்லை. ஒட்டியிருந்த பசை ஓரத்தில் பிரிந்து, அடைப்பு சோற்றோடு சோறாகப் போய்விட்டது.

மறுபடி அடைக்க, இந்த முறை புதுப் பசை வந்தது. அதற்குள் பல்லில் இருக்கும் அதே சுண்ணச் சத்தைக் கண்ணுக்கே தெரியாத துகள்களாகக் கலந்திருந்தார்கள்.

"ஒட்டுறது என் வேலை. நடுவுல நீ எதுக்கு?" என்று பசை ஒரு துகளிடம் எரிந்து விழுந்தது.

"ஒட்டுறது நீதான். உனக்கு எட்டாத இடுக்கு இருந்தா, அங்க நான் உக்காந்துக்கிறேன்," என்றது துகள்.

மேலே இருந்த புது அடைப்பு சிரித்தது. "முறுக்கு வரட்டும். யாரு தாங்குறாங்கன்னு பார்ப்போம்."

முறுக்கு வந்தது. மாங்காயும் புளிக்குழம்பும் வந்தன. அடைப்பு அசையவில்லை. பக்கத்துப் பற்களெல்லாம் அதைத்தான் புகழ்ந்தன. கீழே, ஓரத்தில் புளிப்பு இறங்கும்போதெல்லாம் துகள் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துகொண்டிருந்தது.

ஒருநாள் பசை தேடிப் பார்த்தது. துகளைக் காணவில்லை.

"புளிப்புக்குப் பயந்து ஓடியிருக்கும்," என்றது அடைப்பு.

பசைக்கு மனசு கேட்கவில்லை. துகள் வந்த பிறகு தன் ஓரம் ஒருமுறைகூடப் பிரியவில்லை என்பது பசைக்குத்தான் தெரியும். பல்லிடம் கேட்டது: "அண்ணே, அது எங்க போச்சு?"

"எங்கயும் போகல தம்பி," என்றது பல். "கரைஞ்சு கரைஞ்சு, நான் அரிச்சுப்போன இடத்துலயெல்லாம் வந்து உக்காந்துடுச்சு. இப்ப உங்கிட்டப் பேசுறேனே, இந்தப் பல்லுல கொஞ்சம் அதுதான்."