பிரகாசி வீட்டு வழி

கடலோரச் சைக்கிள் பாதையைத் தினமும் காலையில் இயந்திரமே வரைபடத்தில் வரையும். பயணிகள் எங்கே நெடுநேரம் தங்குகிறார்களோ, அந்த இடத்தைக் காட்சிமுனை என்று குறித்துக்கொள்ளும். மணப்பாட்டில் அன்று பாதை பிரகாசி என்பவளின் வீட்டு வாசலில் நுழைந்து, கொல்லைப்புறம் வழியாகக் கடற்கரைக்குப் போனது.

“வீடு குறுக்க நிக்குது, இடிச்சாகணும்,” என்றார் பயணிகளோடு வந்த பாதை அதிகாரி.

“இடிக்கதப் பொறவு பாப்போம். எல்லாரும் செருப்பக் கழத்திட்டு உக்காருங்க. வீட்டுக்குள்ள வந்துட்டு சாப்பிடாம எப்படிப் போவிய?” என்றாள் பிரகாசி.

பன்னிரண்டு சைக்கிள்கள் சுவரில் சாய்ந்தன. சாளை மீன் குழம்பில் கைவைத்தவர்கள் வெயில் தாழும்வரை எழுந்திருக்கவில்லை. அதிகாரி மூன்றாம் முறை சோறு கேட்டார்.

மறுநாள் வரைபடத்தில் பாதை அவள் அடுப்படியோடு முடிந்திருந்தது. பக்கத்தில் இயந்திரத்தின் குறிப்பு: ‘முதல்தரக் காட்சிமுனை. எதையும் இடிக்கக் கூடாது.’