மிலாதினுக்குத் தனி மைக்

செர்பியக் கிராமத்துச் சந்தைத் திடலில் பத்துப் பேர் டிரம்பெட்டோடு தயாராக நின்றார்கள். வீடியோவில் சத்தம் சுத்தமாக விழுந்தால்தான் கோடை விழாவில் குழுவுக்கு இடம் கிடைக்கும். ஒலிப்பதிவாளர் விதோயே மைக்கை நாலு எட்டு தள்ளி, நடுவில் நிறுத்தினார்.

அந்த ஊர்க்காரி ஸ்தமேனா அம்மாள் அவர் பக்கத்தில் வந்தாள்.

"தம்பி, கடைசியில நிக்கிற மிலாதினுக்கு மட்டும் தனியா ஒரு மைக் வையேன்."

"மத்த ஒன்பது பேரும் என்னை அடிக்க வருவாங்கம்மா."

"அரைக் கிலோ பாலாடைக்கட்டி தர்றேன்."

"நான் விலை போற ஆளில்லம்மா."

"ஒரு கிலோ. கூட ஒரு பாட்டில் பிளம் சாராயம்."

"வீட்டுல காய்ச்சினதா?"

"பின்னே, கடையிலயா வாங்குவாங்க?"

பெற்ற மனசு என்று உருகிய விதோயே, மிலாதினின் டிரம்பெட்டில் குட்டி மைக் ஒன்றை மாட்டினார்.

வாசித்து முடிந்ததும் ஹெட்ஃபோனில் கேட்டார். நடு மைக்கில் குழு அமர்க்களப்படுத்தியிருந்தது. குட்டி மைக்கிலோ, வேலியில் மாட்டிக்கொண்ட ஆடு மாதிரி ஏதோ கத்தியது.

"கவலைப்படாதீங்கம்மா. கூட்டத்துல உங்க பையன் சத்தம் அமுங்கிடுச்சு. குட்டி மைக்குல விழுந்ததை அழிச்சிடறேன்."

"என் பையனா? வாயைக் கழுவு! எம் பொண்ணைக் கட்டுவேன்னு ஒத்தக்கால்ல நிக்கிறவன். அவன் ஊதினதைக் கேட்டுத்தான் மயங்கினாளாம். ஒன்பது பேருக்கு நடுவுல இவன் ஊதினது எவளுக்குக் கேட்டுச்சு?"

அம்மாள் குரலைத் தாழ்த்தினாள்.

"விழாவுக்கு நீ எதை வேணா அனுப்பிக்கோ. இவன் ஒருத்தன் ஊதினதை மட்டும் எம் பொண்ணு போன்ல ஏத்திடு. பன்னிக்குட்டியே தர்றேன்!"