ஏணியின் முதல் படி

பெயின்ட் ஷெட்டின் கூரை இடுக்கு வழியே இறங்கும் காலை வெயிலில், தண்ணீர் லாரியின் புது நீலம் கண்ணைக் கூசவைக்கிறது. அதன் பின்பக்க ஏணிக்கு முன்னால் மூக்கு விடைக்க நிற்கிறாள் அவள். துருப்பிடித்த இரும்புக்கென்று அவளே அலைந்து வாங்கி வந்த ப்ரைமர் டின், மூடிகூடத் திறக்காமல் அலமாரியில் இருக்கிறது. "துருவைத் தேய்க்கல, ப்ரைமரும் அடிக்கல. நேரா பெயின்ட்டை அடிச்சிட்டீங்க, அப்படித்தானே?" ஸ்ப்ரே கன்னைத் துடைத்துக்கொண்டிருக்கும் கணவன் நிமிரவில்லை. "பளபளன்னுதானே இருக்கு? உன் தம்பிதான் அவசரம்னான்." "அவன் அவசரப்பட்டா உங்க புத்தி எங்க போச்சு?" திருப்புளி முனையால் ஏணியின் முதல் படியைச் சுரண்டுகிறாள். நீலம் வெங்காயச் சருகாக உரிகிறது; அடியிலிருந்து துரு பொருக்குப் பொருக்காகக் கொட்டி அவள் கால்விரல்களில் விழுகிறது. "கீழ்ப்படியே இந்த லட்சணம்னா மேல இருக்கறதை யாரு பாத்தா? தினமும் ஹோஸைத் தோள்ல போட்டுக்கிட்டு இதுல ஏறுறவன் அவன். பூசி மெழுக இது என்ன சுவரா?" வெளியே டயரைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும் தம்பி குரல் கொடுக்கிறான். "மாமா, வண்டியை எடுத்துக்கலாமா?" அவள் ஏணியை விட்டு விலகி வழிவிடுகிறாள். "எடுத்துக்கன்னு சொல்லுங்க. அதுக்கு முன்னாடி நீங்க ஒரு தடவை ஏறிக் காட்டுங்க." கணவன் சிரிக்கப் பார்க்கிறான். அவள் முகம் இளகவில்லை. அவன் ஏணியைப் பிடித்து, சுரண்டிய படிமேல் ஒரு காலை வைக்கிறான். மற்றக் கால் தரையிலேயே நிற்கிறது.