வடக்கு வரப்பில் ஒரு வளைவு

‘சரி’ என்ற பச்சைப் பொத்தானுக்கு மேலே ஜெபிதாவின் விரல் நின்றுபோயிருந்தது.

சங்கரன்கோவில் உழவர் உற்பத்தியாளர் கம்பெனி புதிய செயலிக்கு மாறும் நாள் அது. நூற்று நாற்பது வயல்களின் பழைய வரைபடங்கள் காலையிலேயே அழிந்துவிட்டன. பாக்கி ஒன்றுதான். பனவடலிசத்திரத்தில் இருக்கும் அவளுடைய மக்காச்சோள வயல்.

புதிய செயலி வேண்டும் என்று கூட்டத்தில் எழுந்து பேசியவளே அவள்தான். மருந்தடிக்கும் ட்ரோன் ஓட்டுகிறவளுக்குத்தானே அந்தச் சிரமம் தெரியும். பழைய முறையில் ஒருவர் கருவியைக் கையில் பிடித்துக்கொண்டு வயலைச் சுற்றி நடக்க வேண்டும். நடந்த தடமே எல்லைக்கோடு. இடையில் நின்றுவிட்டால் மறுபடி முதலிலிருந்து. புதியது, செயற்கைக்கோள் படத்தைப் பார்த்துத் தானே கோடு போட்டுக்கொள்ளும்.

கம்பெனியில் முதன்முதலாக அப்படி நடந்தவன் அவள் புருஷன் ஜெர்சோன். கல்யாண வீட்டில் படம் எடுக்கிற பொம்மை பயிருக்கு மருந்தடிக்குமா என்று எல்லோரும் சிரித்தபோது, தன் வயலையே சுற்றி நடந்து காட்டினான்.

அவன் இறந்து இரண்டு வருடம். அவன் நடந்த நடை இந்தத் திரையில் மட்டும்தான் மிச்சம்.

வடக்கு வரப்பில் அந்தக் கோடு கொஞ்சம் வயலுக்குள் வளைந்து, மறுபடி வரப்பேறும். ட்ரோனும் ஒவ்வொரு முறையும் அங்கே ஒதுங்கிப் போகும். விடுபட்ட எட்டுச் செடிகளுக்கும் ஜெபிதா கையால் மருந்தடிப்பாள். எட்டுப் பேருக்குத் தனி டாக்டர் என்று கம்பெனியில் கேலி பேசுவார்கள்.

செயலியை மாற்றிக்கொடுக்க வந்திருந்த மாரிக்கண்ணன் திரையை எட்டிப் பார்த்தான்.

“இந்த இடத்துல மரம் கிரம் ஏதும் நிக்குதாக்கா? இருந்தா தடைன்னு குறிச்சிருவோம். இல்லன்னா கோடு நேராப் போயிரும்.”

மரம் இல்லை. என்றைக்கும் இருந்ததில்லை.

ஒரு தடை உண்டு என்று மட்டும் சொன்னாள்.

என்ன தடை என்று செயலி கேட்டது. மரம், கம்பம், கிணறு, மற்றவை.

அவள் ‘மற்றவை’யைத் தொட்டாள்.

ஜெர்சோன் நடந்து காட்டிய அன்றைக்கு அந்த வரப்பில் கால் நீட்டி உட்கார்ந்து, காலில் தைத்த உடைமுள்ளை அவள் பிடுங்கிக்கொண்டிருந்தாள். கருவியோடு வந்தவனைக் கண்டதும் வழிவிட எழப் பார்த்தாள்.

நடையை நிறுத்தாமல் அவன் பயிருக்குள் இறங்கினான்.

“நீ எந்திரியாதட்டி. நான் சுத்திப் போய்க்கிடுதேன்.”